ஒன்பதாம் குழியின் சுண்ணாம்புக் கோடு

ஆண்டு மலரில் ஆசிரியர்களும் படித்த பிள்ளைகளும் எழுதுவார்கள். அந்தப் பக்கங்களுக்கு நடுவே மைதான வேலைக்காரன் நான் வந்து உட்காருவதற்கு முதலில் எல்லோரும் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் எட்டாவது வரை படித்தவன். எழுதியதெல்லாம் விடுப்புக் கடிதங்கள்தான். பேசவும் எனக்கு அவ்வளவாக வராது.

சென்ற மாதம் ஓய்வு பெற்றேன். வழியனுப்பு விழா முடிந்து டீ குடிக்கும்போது, என்னோடு வேலை செய்த இளைஞர்கள் கேட்டார்கள்.

"அண்ணாத்த, போற நாள்லயாவது சொல்லிட்டுப் போ. கோடு போடறதுக்கு மின்னாடி தரையெல்லாம் குனிஞ்சி குனிஞ்சி இன்னா பொறுக்குற? தங்கமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். ஓட்டப்பந்தயத்துக்கோ கபடிக்கோ கோடு போடும் முன், தரையில் வெள்ளையாக எது கிடந்தாலும் பொறுக்கிப் போட்டுவிடுவது என் வழக்கம். சாக்பீஸ் துண்டு, வெள்ளைக் கல், பீங்கான் சில்லு எதுவானாலும் சரி. இந்த வழக்கம் இந்தப் பள்ளிக்கூடத்தில் வந்ததல்ல. விளையாட்டு ஆசிரியர் எழுதித் தரச் சொன்னதால், வந்த இடத்தை எழுதுகிறேன்.

இங்கே வருவதற்கு முன் நான் மாமல்லபுரம் கடற்கரைப் பக்கம் ஒரு கோல்ஃப் கிளப்பில் வேலை பார்த்தேன். ஐம்பதுகளில் நடந்த கதை. அந்த கிளப் இப்போது இல்லை. சவுக்குத் தோப்புக்கும் கடலுக்கும் நடுவே ஒன்பது குழிகள். வெள்ளைக்காரர்கள் போட்டுவிட்டுப் போனது. நான் சேர்ந்தபோது செங்கல்பட்டு வக்கீல்களும் மெட்ராஸ் கம்பெனி அதிகாரிகளும் சில டாக்டர்களும் ஆடினார்கள். எங்கள் குடும்பம் செய்யூர்ப் பக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நட்டும் அறுத்தும் பிழைத்தவர்கள். மிஷன் பள்ளியில் படித்ததால் ஆங்கில எழுத்தும் எண்ணும் எனக்குத் தெரியும். அதை வைத்துத்தான் வேலை கிடைத்தது. பை தூக்குவது, பந்து தேடுவது, ஸ்டிக்கைத் துடைத்து எடுத்துக் கொடுப்பது. முதல் ஒரு வருடம் இந்த வேலையைப் பழகினேன். அதில் சொல்ல ஒன்றும் இல்லை.

எங்களுக்கு மேலே கன்னியப்பன் மேஸ்திரி. குள்ளமானவர். காக்கி அரைக்கால் சட்டை. கத்த மாட்டார், கை நீட்ட மாட்டார். நாம் ஒரு வேலையைத் தப்பாகச் செய்தால், பக்கத்தில் வந்து குந்தி, நம் கண் எதிரிலேயே அதை முதலிலிருந்து செய்வார். ஒரு வார்த்தை வராது. அதற்கு அடியே வாங்கிக்கொள்ளலாம் என்று இருக்கும். நாங்கள் எல்லோரும் வெறுங்கால். மணலில் நடந்துகொண்டே பந்தைக் கால் விரலால் கவ்வி நல்ல இடத்துக்கு நகர்த்திவிடும் கெட்டிக்காரர்கள் எங்களில் உண்டு. அதனால் மேஸ்திரி ஆடுகிறவர்களைப் பார்க்க மாட்டார், எங்கள் கால்களைத்தான் பார்ப்பார்.

"ஒன் காலு பந்தோட பேசக் கூடாது. பேசிச்சுன்னு தெரிஞ்சா அன்னியோட வூட்டுக்குப் பூடு" என்பார். வேலைக்குச் சேரும் ஒவ்வொருவனுக்கும் அவர் சொன்ன ஒரே உபதேசம் அது.

இரண்டாம் வருடம் எனக்குக் கோடு போடும் வேலையையும் சேர்த்துக் கொடுத்தார். அதை விளக்கினால்தான் மற்றது புரியும்.

கோல்ஃப் ஆடுகிறவர் பந்தை அடிப்பதற்கு முன், ஸ்டிக்கின் தலையைப் பந்துக்குப் பின்னால் தரையில் வைத்து, காலை ஊன்றி, நிதானித்துக்கொள்வார். இதற்கு அட்ரஸ் என்று பெயர். ("இன்னா அட்ரஸு, லெட்டரா போடப்போறாங்க?" என்று மாரி கேட்பான். மாரி என்னோடு பை தூக்கியவன்.) அப்படி வைத்த பிறகு பந்து அசைந்தால் ஒரு அடி கூடுதலாகக் கணக்கு. ஆனால் பங்கர் என்கிற மணல் பள்ளத்துக்குள் பந்து கிடந்தால் ஸ்டிக்கைக் கீழே வைக்கவே கூடாது. மணலில் பட்டாலே, குழிக்குக் குழி வெற்றி பார்க்கும் போட்டியில் அந்தக் குழி எதிராளிக்குப் போய்விடும்.

புல் வளர்ந்த ஊர்களில் இதில் குழப்பமில்லை. எங்கள் கிளப்பில் பள்ளத்துக்கு உள்ளேயும் மணல், வெளியேயும் மணல். குழியைச் சுற்றிக்கூடப் புல் கிடையாது. எண்ணெய் கலந்த மணலைக் கெட்டியாக்கி வட்டமாகப் போட்டிருப்பார்கள். அதை பிரவுன் என்போம். அதனால் எது பள்ளம், எது வெளி என்று காட்ட, பள்ளத்தைச் சுற்றிச் சுண்ணாம்புக் கோடு போட வேண்டும். காற்று ஒரு நாளும் சும்மா இருக்காது. தினமும் போட வேண்டும்.

பக்கத்துக் காளவாயில் சுட்ட கிளிஞ்சல் சுண்ணாம்பை வாங்கி, தண்ணீர் தெளித்து நீற்றி, உலர்த்தி, மெல்லிய துணியில் சலிப்போம். அடியில் ஆணியால் ஓட்டை போட்ட பால் டின்னில் அதை நிரப்ப வேண்டும். ஒவ்வொரு பள்ளத்தைச் சுற்றியும் சவுக்கு முளைகள் தரைமட்டத்துக்கு அடித்திருக்கும். அவற்றைக் கையால் தடவிக் கண்டுபிடித்து, கயிறு கட்டி, கயிற்றை ஒட்டியே டின்னைத் தட்டிக்கொண்டு பின்பக்கமாக நடக்க வேண்டும். அகலம் இரண்டு விரல். மேஸ்திரி வந்து தன் விரலை வைத்துப் பார்ப்பார். கோப்பைப் போட்டி நாட்களில் காலையில் போட்டது போதாது. மதியமும் ஒரு முறை போட வேண்டும். மதியக் கோடு இல்லாவிட்டால் அந்தக் குழியின் ஆட்டம் செல்லாது, திரும்ப ஆட வேண்டும். எங்கள் கிளப்பின் சட்டம் அது.

டாக்டரம்மா மூன்றாம் வருடம் வந்தார். செங்கல்பட்டில் அரசாங்க டாக்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் திருக்கழுக்குன்றம் வழியாகத் தன் சின்ன காரைத் தானே ஓட்டிக்கொண்டு வருவார். ஆடிய பெண் அவர் ஒருவர்தான். அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. கிளப்பின் தேக்குப் பலகையில் ஏறாத பெயரை இந்த மலரில் ஏற்ற எனக்கு உரிமை இல்லை.

முதல் நாள் நான் ஸ்டிக்கை எடுத்து மணலில் வைத்தேன். சில மெம்பர்கள் அப்படித்தான் கேட்பார்கள். நான் கீழே வைத்துவிட்டு விலகின பிறகுதான் எடுத்துக்கொள்வார்கள். டாக்டரம்மா குனியவில்லை. கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

"கீழ ஏன் வைக்கிறே? கையில கொடு. உன் பேர் என்ன?"

"தேவசகாயம்மா."

கிளப்பில் என்னைத் தேவு என்பார்கள், ஊமை என்பார்கள். அவர் அன்றிலிருந்து முழுப் பெயரையும் சொல்லித்தான் கூப்பிட்டார்.

பந்துக்குப் பின்னால் ஸ்டிக்கை வைப்பதில் ஒவ்வொருவருக்கும் ஒரு விதம் உண்டு. ஒரு கம்பெனி அதிகாரி உலக்கை போடுவது மாதிரி மூன்று முறை தரையைக் குத்துவார். வேறொருவர் வைக்கிற சாக்கில் பின்னால் இருக்கும் மணலை மெதுவாக அமுக்கிவிடுவார். டாக்டரம்மா இடது காலை முதலில் ஊன்றுவார். ஸ்டிக்கின் தலையைப் பந்துக்குப் பின்னால் கொண்டுவந்து, தரைக்கு ஒரு விரற்கடை மேலே நிறுத்துவார். அங்கேயே இருக்கும், ஆடாது. பிறகு முகத்தைத் திருப்பாமல் கண்ணை மட்டும் என் பக்கம் ஓட்டி, "வைக்கலாமா?" என்பார்.

கோடு போட்டவன் நான். எது உள்ளே, எது வெளியே என்று எனக்குத்தான் தெரியும் என்பது அவர் கணக்கு.

"வைங்கம்மா" என்பேன். இல்லாவிட்டால், "வாணாம்மா, உள்ள கீது" என்பேன்.

வைக்கும்போது சத்தமே வராது. ஒரு முறை காய்ச்சலுக்காக அவர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். ஸ்டெதாஸ்கோப்பை உள்ளங்கையில் கொஞ்ச நேரம் பொத்திச் சூடாக்கிவிட்டுத்தான் நோயாளிகளின் நெஞ்சில் வைத்தார். மணலில் ஸ்டிக்கை வைப்பதும் அந்தக் கைதான்.

இந்த இரண்டு வார்த்தைகளுக்கு மேல் நாங்கள் பேசியது குறைவு. ஒரு ஞாயிற்றுக்கு முப்பது, நாற்பது முறை "வைக்கலாமா?" வரும். திங்கட்கிழமையிலிருந்து நான் அடுத்த ஞாயிறை எண்ணிக்கொண்டிருப்பேன். அது என்ன மாதிரி எண்ணம் என்று இப்போதும் எனக்குச் சொல்லத் தெரியாது. மரியாதைக் குறைவாக ஒன்றுமில்லை. என்னைக் கேட்டு ஒருவர் ஒரு காரியம் செய்தார், அவ்வளவுதான். அதற்கு முன்னால் அப்படி யாரும் என்னைக் கேட்டதில்லை.

ஆறாம் வருடம் பங்குனி மாதம் அவர் கோப்பையின் கடைசிச் சுற்றுக்கு வந்துவிட்டார். எதிரே ஆடியவர் ஒரு செங்கல்பட்டு வக்கீல், கமிட்டியிலும் இருந்தவர். நேர்மையான மனிதர். அவருடைய பையைத் தூக்கியவன் மாரி. டாக்டரம்மாவுக்கு அடுத்த மாதம் திருநெல்வேலிப் பக்கம் மாற்றல் என்று முன்பே தெரியும். கிளப் முன்கூடத்தில் ஜெயித்தவர் பெயரை வெள்ளைப் பெயிண்டில் எழுதும் அந்தத் தேக்குப் பலகை இருந்தது. அதில் பெண் பெயர் ஒன்றுகூட இல்லை. பெண்கள் அந்த முன்கூடத்தில் உட்காரவும் அப்போது அனுமதி கிடையாது, பின் வராந்தாவில்தான் உட்கார வேண்டும். முந்திய ஞாயிறு அவர் ஜன்னல் வழியாகப் பலகையைப் பார்த்துவிட்டு, "ஒரே ஒரு வரி, தேவசகாயம். அது இருந்தா நான் போன பிறகும் அந்த ரூம்ல உக்காந்திருப்பேன்" என்று சிரித்தார். சிரித்தாரே தவிர, அது விளையாட்டுப் பேச்சில்லை.

போட்டியன்று மதியம் நான் முதல் குழியிலிருந்து கோடு போட்டுக்கொண்டு வந்தேன். எட்டாவது முடிந்தது. ஒன்பதாவது பள்ளத்தில் முளைகளைத் தடவிக் கண்டுபிடித்து, கயிற்றை எடுத்தேன். அப்போது சவுக்குத் தோப்புக்கு அந்தப் பக்கம் கார் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாக வந்திருந்தார்.

கயிற்றை விட்டுவிட்டு, டின்னைக் கையில் பிடித்தபடியே ஓடினேன். அவர் பையை வேறு யாராவது இறக்கிவிடக் கூடாது என்பது மட்டும்தான் மனசில் இருந்தது. திரும்பி வந்து போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

"கையெல்லாம் சுண்ணாம்பு, கல்யாண வீட்டுக்கு வெள்ளை அடிக்கிறவன் மாதிரி வந்திருக்கே!" என்றார் டாக்டரம்மா.

பையை இறக்கினேன். ஸ்டிக்குகளை ஒவ்வொன்றாகத் துடைத்தேன். டின்னைக் கார் பக்கத்து வாதாமரத்தடியில் வைத்தேன். ஒன்பதாவது பள்ளம் என் நினைவிலிருந்து போய்விட்டது. ஆட்டம் தொடங்கும் முன், "கோடெல்லாம் ஆச்சாடா?" என்று மேஸ்திரி தூரத்திலிருந்து கேட்டார். தலையை ஆட்டினேன். அவர் கமிட்டியிடம் போய், "எல்லாம் போட்டாச்சுங்க" என்று சொல்லிவிட்டார்.

எட்டுக் குழி முடிந்தபோது இருவரும் சமம். ஒன்பதாவது குழியில் வக்கீல் மூன்று அடியில் பிரவுனுக்கு வந்தார். டாக்டரம்மாவின் இரண்டாவது அடி பள்ளத்தின் ஓரத்தில் விழுந்தது. அங்கிருந்து பந்தைக் குழிக்குப் பக்கத்தில் போட்டுவிட்டால் கோப்பை அவருக்குத்தான். கடல் காற்று முகத்தில் அறைந்துகொண்டிருந்தது.

நான் இரண்டு எட்டு பின்னால் நின்றேன். பந்துக்கு அந்தப் பக்கம் வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது. பந்து கோட்டுக்கு வெளியே.

இடது காலை ஊன்றினார். ஸ்டிக்கைக் கொண்டுவந்து ஒரு விரற்கடை மேலே நிறுத்தினார்.

"வைக்கலாமா?"

"வைங்கம்மா."

வைத்தார். சத்தம் வரவில்லை.

அப்போது ஒரு காற்று அடித்தது. அந்தப் பக்கம் தெரிந்த வெள்ளைக் கோட்டின் மேலிருந்து மணல் இன்னும் கொஞ்சம் விலகியது. அது என் கோடு இல்லை. கிளிஞ்சல். எப்போதோ அலை ஒதுக்கிப் புதைந்து கிடந்த கிளிஞ்சல் சில்லுகள், காற்று மேல் மணலை வாரிக்கொண்டு போனதும் வரிசையாக வெளியே வந்திருந்தன. காலையில் நான் போட்ட உண்மையான கோடு என் கால் கட்டைவிரலுக்குப் பக்கத்தில், மணலுக்கு அடியிலிருந்து, தேய்ந்து தெரிந்தது. பந்து உள்ளே இருந்தது. ஸ்டிக்கும் உள்ளே.

வக்கீலும் மாரியும் பிரவுனுக்கு அந்தப் பக்கம். அவர்களுக்குத் தெரிய வழியில்லை. டாக்டரம்மா பந்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். என் கால் கட்டைவிரலை ஒரு தரம் அசைத்தால் போதும், அந்தக் கோட்டை மணல் மூடிவிடும்.

"அம்மா" என்றேன். "தப்புமா. உள்ள கீது. நான் தப்பா சொல்லிட்டேன்."

அவர் நிமிர்ந்தார். நான் காட்டிய இடத்தைக் குனிந்து பார்த்தார். பிரவுனைப் பார்த்து, "சார், பங்கர்ல ஸ்டிக்கை வச்சிட்டேன். குழி உங்களுது" என்றார்.

வக்கீல் நடந்து வந்தார். பார்த்தார். கோப்பை கைக்கு வந்தவர் மாதிரி அவர் முகம் இல்லை.

"கோடே தெரியலையேம்மா. மதியம் போட்ட கோடு இப்படியா இருக்கும்? மேஸ்திரி! இந்தக் குழிக்கு மதியம் கோடு போட்டதா, இல்லையா? போடலைன்னா சட்டப்படி இதைத் திரும்ப ஆடலாம். எனக்கு ஆட்சேபணை இல்லை."

மேஸ்திரி என்னைப் பார்த்தார். "சொல்லுடா. போட்டியா?"

இல்லை என்று சொன்னால் டாக்டரம்மாவுக்கு இன்னொரு முறை கிடைக்கும். என் வேலை போகும். எல்லாம் போட்டாச்சு என்று கமிட்டியிடம் சொன்ன மேஸ்திரி தலைகுனிந்து நிற்பார். எதற்காகப் பாதியில் ஓடினாய் என்று எல்லோர் எதிரிலும் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் பயந்தேன் என்று இப்போது நினைக்கிறேன்.

"போட்டேன் மேஸ்திரி. காத்துல மூடிகிச்சி."

கேட்டுக்கொண்டு நின்ற டாக்டரம்மா என் கையைப் பார்த்தார். பிறகு வக்கீலிடம், "அவன் சொன்னா சரியா இருக்கும் சார்" என்று சொல்லிக் கையை நீட்டினார். வக்கீல் அரை மனதோடு கைகுலுக்கினார். ஆட்டம் முடிந்தது.

பைகளை எடுத்துக்கொண்டு வரும்போது மாரி என் பக்கத்தில் வந்தான்.

"மத்தியானம் கோடு போடற நேரத்துல நீ காராண்ட நின்னுகினு இருந்தத நான் பார்த்தேன் மச்சான்."

பையைத் தோள் மாற்றிக்கொண்டு நடந்தேன்.

"சொன்னா முழுசா சொல்லணும். இல்லியா, வாயே தொறக்காம கெடக்கணும். நீ பாதி சொன்ன பாரு, அந்தப் பாதி அந்தம்மா தலையில வுழுந்துச்சி. பேஜாரு புடிச்சவன்டா நீ."

அதை அவன் வேறு யாரிடமும் சொல்லவில்லை. சாகும்வரை சொல்லவில்லை.

கோப்பை கொடுத்து, கைதட்டி, எல்லோரும் முன்கூடத்துக்குள் போன பிறகு டாக்டரம்மா காருக்கு வந்தார். பை இன்னும் என் தோளில் இருந்தது. வாதாமரத்தடியில் டின் இருந்த இடத்தில் நின்றார். குனிந்து அதை எடுத்துக் குலுக்கிப் பார்த்தார்.

"இதுல ஒரு பள்ளத்துக்கு ஆகிற சுண்ணாம்பு மீதி இருக்கே, தேவசகாயம்."

என் கண் தரையைப் பார்த்தது. மதியம் டின்னும் கையுமாக நான் பாதியில் ஓடி வந்தது அவருக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. வக்கீல் எதிரில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஏன் சொல்லவில்லை என்று இத்தனை வருடமாக யோசிக்கிறேன். என் வேலைக்காகவா? அல்லது என் வாயிலிருந்து வந்தால் மட்டும்தான் அது அவருக்கு வேண்டியிருந்ததா?

"சரி" என்று டின்னைக் கீழே வைத்தார். பையிலிருந்து ஒரு ஸ்டிக்கை உருவினார். ஒரு பந்தை மணலில் போட்டார். ஸ்டிக்கை என் கையில் கொடுத்தார்.

"மூணு வருஷமா பார்க்கிறே. ஒரு தடவை நீ வை, நான் பார்க்கிறேன்."

நாங்கள் மெம்பர்களின் ஸ்டிக்கோடு பந்தருகே நிற்கவே கூடாது. சுற்றிப் பார்த்தேன். யாரும் இல்லை. இடது காலை ஊன்றினேன். அவருடைய கைச் சூடு பிடியில் இன்னும் இருந்தது. ஸ்டிக்கின் தலையைப் பந்துக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். நிற்கவில்லை, ஆடியது.

"வைக்கலாமாம்மா?" என்று கேட்டேன்.

"வை."

வைத்தேன். பந்து அரை அங்குலம் உருண்டது.

"அசைஞ்சிடுச்சு. ஒரு அடி கூடுதல்" என்று டாக்டரம்மா சிரித்தார். பந்தை அடிக்கும்படி அவர் சொல்லவில்லை, நானும் அடிக்கவில்லை. ஸ்டிக்கைத் துடைத்துப் பையில் செருகி, பையைக் காரில் வைத்தேன். திருக்கழுக்குன்றம் சாலையில் திரும்பும்வரை காரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகு அவர் அந்தப் பக்கம் வரவில்லை. நான் அவரைப் பார்க்கவும் இல்லை.

சில வருடங்களில் கிளப் மூடியது. இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்தேன். இங்கே எத்தனையோ கோடு போட்டாயிற்று. என் மனைவி சொல்வாள், "ஞாயித்துக்கெழம சாயங்காலமானா ஒன் மூஞ்சி வேற எங்கியோ பூடுது" என்று. உண்மைதான். அந்த நேரத்தில் நான் இரண்டு எட்டு பின்னால் நின்று, ஒரு கேள்விக்காகக் காத்திருப்பேன். இந்த முறை சரியாகப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று இருக்கும்.

அன்று மதியம் நான் ஒன்பதாவது பள்ளத்துக்குக் கோடு போடவில்லை. இதை இப்போதுதான் முதல் முறையாகச் சொல்கிறேன்.

அந்தப் போட்டிக்கு மறுநாள் திங்கட்கிழமை, கிளப்புக்கு விடுமுறை. நான் காலையில் போய் ஒன்பதாவது பள்ளத்தைச் சுற்றிக் கிடந்த கிளிஞ்சலையெல்லாம் பொறுக்கினேன். இரண்டு கூடை வந்தது. காளவாயில் கொட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன்.